லினக்ஸ் பேக்கப்: டைம்ஷிஃப்ட் மட்டும் போதாது

லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தோடு வரும் டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் மென்பொருளை ஓடவிட்டால் எல்லாம் பத்திரம் என்று பலர் நம்புகிறார்கள். அது சிஸ்டம் கோப்புகளுக்கு மட்டும்தான். போட்டோ, பட்டா நகல், பிள்ளைகளின் மார்க் ஷீட் இருக்கும் ஹோம் ஃபோல்டரை, நாமே அமைப்பில் மாற்றாதவரை, அது தொடாது. அப்டேட் சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்ப அது போதும். சொந்தக் கோப்புகளுக்கு வேறு மென்பொருள் வேண்டும்.

வீட்டுக்கு பிகா பேக்கப்பைத் தயங்காமல் சொல்லலாம். முதல் தடவை முழுதாக எடுக்கும், பிறகு மாறியதை மட்டும் சேர்க்கும். என்கிரிப்ஷன் (பாஸ்வேர்டு இல்லாமல் திறக்க முடியாதபடி பூட்டுவது) போட்டால் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வையுங்கள். தொலைந்தால் கோப்புகளும் போனதுதான்.

கடையில் வாங்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க் பெரும்பாலும் விண்டோஸுக்கான ஃபார்மட்டில் இருக்கும். டைம்ஷிஃப்ட் அதில் எழுதாது. 'டிஸ்க்ஸ்' செயலியில் லினக்ஸுக்கான இஎக்ஸ்டி4 ஃபார்மட்டாக மாற்றுங்கள். உள்ளதெல்லாம் அழியும், முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் அடைமழை, மின்வெட்டு. எழுதும்போது கரண்ட் போனால் பேக்கப் பாதியில் நிற்கும். யுபிஎஸ் இருந்தால் நல்லது. முடிந்ததும் முறையாக எஜெக்ட் செய்து கழற்றுங்கள். 2018 நவம்பரில் கஜா வந்ததுபோல் ஒரு புயலில் வீட்டோடு டிஸ்கும் நனையலாம். நாகை, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் இன்னொரு டிஸ்கைத் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ உறவினர் வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பை மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.