புறம்போக்கு நிலமும் பி மெமோ ரசீதும்: வருவாய்த் துறையிடம் நாம் தடுமாறும் இடங்கள்

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் உறையில் ஒரு கட்டுக் காகிதம் வைத்திருக்கிறார். "அரசாங்கத்துக்கு வருஷா வருஷம் பணம் கட்டுறேன் தம்பி, ரசீது எல்லாம் இருக்கு" என்று எடுத்துக் காட்டினார். பார்த்தால் அத்தனையும் பி மெமோ ரசீது.

பி மெமோ என்பது 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, அரசு நிலத்தில் இருப்பவரிடம் தீர்வையும் (நிலவரி) அபராதமும் வசூலிக்கக் கொடுக்கும் காகிதம். அதைக் கட்டினால் இடம் நமக்கு வந்துவிடாது. 'இது அரசாங்க நிலம், நான் ஆக்கிரமித்திருக்கிறேன்' என்று நாமே ஒப்புக்கொண்டதற்குத்தான் அந்த ரசீது அத்தாட்சி. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் அப்படித்தான்: அங்கே குடியிருக்கிறீர்கள் என்று காட்டும், இடம் யாருடையது என்று சொல்லாது.

'பன்னிரண்டு வருஷம் இருந்துட்டா நமக்கே' என்பது டீக்கடைச் சட்டம். 12 ஆண்டு என்பது தனியார் நிலத்துக்கு. அரசு நிலத்துக்குக் காலவரையறைச் சட்டம் சொல்வது 30 ஆண்டு. அதுவும் தானாக வந்து சேராது, நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். ஏரி, ஓடை, வாய்க்கால் என்றால் நீதிமன்றங்கள் ரொம்பவே கறார்.

சரி, அப்போது எதைப் பார்ப்பது? கிராமத்து நிலங்களுக்கு வருவாய்த் துறை வைத்திருக்கும் அ பதிவேடு. ஒவ்வொரு சர்வே எண்ணும் நன்செய்யா, புன்செய்யா, தரிசா, புறம்போக்கா என்று அதில் இருக்கும். பலர் பட்டா எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறதே, விஷயமே அங்கேதான். 'வண்டிப்பாதை', 'களம்', 'ஓடை', 'சுடுகாடு' என்று ஒரே ஒரு சொல் இருக்கும். தீர்வை ஏற்பட்ட தரிசு என்றால் ஒப்படை, அதாவது அந்த இடத்தை நம் பெயருக்கு ஒதுக்கித் தரும்படி, கேட்டு மனுப் போட வழி உண்டு. ஓடை என்றால் வட்டாட்சியரே மனசு வைத்தாலும் முடியாது. அதிகாரிகள் பேச்சில் அது 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு'. அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே அ பதிவேட்டைப் பார்க்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பார்ப்பது உத்தமம்.

'பத்திரம் பதிஞ்சாச்சு, இனி என்ன?' என்று இருந்துவிடுவதும் தவறு. பதிவுத் துறை வேறு, வருவாய்த் துறை வேறு. அரசு நிலத்தைப் பதியக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு சொல்கிறது. ஆனாலும் பத்திரம் பதிவானதாலேயே அரசு நிலம் உங்களுடையதாகிவிடாது. அதேபோல நத்தம் என்றாலே புறம்போக்கு என்று பயந்து விற்றுவிட வேண்டாம். கிராம நத்தம் மக்கள் குடியிருக்க ஒதுக்கிய இடம். அதில் நெடுநாளாக வீடு கட்டி இருப்பவருடைய நிலை வேறு.

மரங்களில் ஒரு குழப்பம் உண்டு. புறம்போக்கில் நிற்கும் புளியமரத்துக்கு 2சி பட்டா வாங்கியவர், மரத்தைச் சுற்றி வேலி போட்டுவிடுவார். 2சி பட்டா கொடுப்பது மரத்தின் பலனை மட்டும். புளியை உலுக்கிக்கொள்ளலாம், மண் அரசுடையது.

நோட்டீஸ் வந்தால் வாங்காமல் கதவைச் சாத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் வருவது நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு நோட்டீஸ். உங்கள் விளக்கத்தைக் கேட்பது. பேச வேண்டிய நேரம் அதுதான். பதிலே கொடுக்காமல் விட்டால் அடுத்து 6ஆம் பிரிவின்படி வெளியேற்றும் உத்தரவு வரும். பட்டாவில் தகராறு என்றால் வட்டாட்சியர் உத்தரவை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலர். இந்தப் படிகளை விட்டுவிட்டு எடுத்த எடுப்பில் கலெக்டரிடம் போனால், மனு சுற்றிச் சுற்றி அதே வட்டாட்சியர் மேசைக்குத்தான் வரும்.

பெரியவர் இருக்கும் இடத்தின் சர்வே எண்ணை அ பதிவேட்டில் தேடினோம். குறிப்புக் கட்டத்தில் 'களம்'. அங்கே யாரும் இப்போது கதிரடிப்பதில்லை, அறுவடை மெஷின் வந்தாயிற்று. பயன்பாட்டில் இல்லாத களம் என்று ஊராட்சித் தீர்மானத்தோடு வகைப்பாடு மாற்றம் கேட்கலாம். கிடைத்தால்தான் பட்டா பற்றிப் பேச்சு. வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் 30ஆம் தேதியோடு முடிகிறது. அதையொட்டித் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் (கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் நிகழ்வு) மனுக் கொடுப்பதாக இருக்கிறார். ஏற்பு ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பிளாஸ்டிக் உறையில் போய்ச் சேரட்டும்.