கால்நடைக் குடலில் புதிய நன்மைதரு பாக்டீரியாவை இனங்காணும் முறை

நலமான மாட்டின் அசையூண் இரைப்பை (ரூமென் எனும் முதல் இரைப்பை அறை) நீரை எடுத்தவுடன் காற்றுப் புகாத குப்பியில் அடைக்க வேண்டும். அங்கு வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆக்சிஜனைத் தாங்குவதில்லை. அவற்றை வளர்க்கும் சத்துக் கரைசலான வளர்ப்பு ஊடகத்தில், ஆக்சிஜனைக் காட்டும் சாயமான ரெசசூரின் சேர்த்திருந்தால், நிறமற்ற நீர்மம் இளஞ்சிவப்பாக மாறும்போதே ஆக்சிஜன் நுழைந்துவிட்டதை அறியலாம்; அக்குழாயைத் தயங்காமல் ஒதுக்குங்கள். 39 டிகிரி செல்சியஸில் வளர்ந்த தனிக் காலனியை (பாக்டீரியாத் திரளை) மீண்டும் மீண்டும் தூய்மையாக்கி, பாக்டீரியா இனங்களை அடையாளம் காண உதவும் அதன் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவின் டி.என்.ஏ. எழுத்து வரிசையைக் கண்டறியுங்கள். அறியப்பட்ட இனங்களுடன் ஒப்புமை 98.7 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அது புதிய இனமாக இருக்கலாம். ஆயினும் அதை மட்டும் நம்பாமல், முழு மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு, சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை (இரு டி.என்.ஏ.க்களின் எழுத்துகள் சராசரியாக எவ்வளவு ஒத்துள்ளன என்ற அளவு) 95 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பதை உறுதிசெய்வதே சரி.

நன்மை தருவது என்பதைத் தனியே மெய்ப்பிக்க வேண்டும்: பிற பாக்டீரியாக்களுக்குக் கடத்தக்கூடிய ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணு இருந்தால், வேறெந்தச் சிறப்பு இருப்பினும் அதைத் தீவனத்தில் சேர்க்கலாகாது.