கருங்கல்லில் இறங்கிய துருக்கறை: முதலில் இரும்பைத் தேடுங்கள்

குமரி மாவட்டத்துக் கல்லுக்கு வருஷத்தில் இரண்டு மழை. வட்டக்கோட்டை போலக் கடலை ஒட்டிய சுவரென்றால் உப்புக்காற்றும் சேரும். உப்பிலுள்ள குளோரைடு துருவை விரைவுபடுத்தும். கல்லில் செருகிய கிராதியும் விளக்குக்கு அடித்த ஆணியும் இங்கே சீக்கிரமே கசியத் தொடங்கும்.

இரும்பு முதலில் ஈரத்தில் கரைகிறது. அப்போது அதற்கு நிறம் அநேகமாக இல்லை. தண்ணீரோடு நுண்துளைக்குள் போய், காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் கரையாத துருவாகி அங்கேயே படிகிறது. தேய்த்தால் போகாததற்குக் காரணம் இதுதான். நல்ல கருங்கல்லில் துளை 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனாலும் மயிரிழை விரிசலும், உளி பட்டு நொறுங்கிய மேல்தோலும் அதற்கு வழிவிடும். கறைக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். முத்தாக நின்றால் கறை பெரும்பாலும் மேலோடு இருக்கும். ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சினால் ஆழமாக இறங்கியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்குள்ள கோவில் தூணில் இந்தச் சோதனை ஏமாற்றும்.

கறையின் உருவமே ஊற்றைக் காட்டும். ஒரு புள்ளியில் தொடங்கிக் கீழே நாக்குப் போல நீண்டால், மேலே ஆணியோ, கல்லோடு கல்லைப் பிணைக்கும் இரும்புக் கொண்டியோ உண்டு. வெளியே தெரியாவிட்டால் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். தரையை ஒட்டிப் பரவலாக மஞ்சளித்தால் கழுவும் போர்வெல் தண்ணீரைச் சந்தேகியுங்கள்: கண்ணாடிப் பாட்டிலில் ஓர் இரவு வையுங்கள், காலையில் செம்மண்டி அடியில் தங்கினால் அதுதான் காரணம். பொடிப்பொடியாகச் சிதறிய புள்ளிகள், பக்கத்தில் கிரைண்டர் ஓட்டியபோது பறந்த இரும்புத்தூள். கல் முழுக்கச் சீராகப் படர்ந்த பழுப்பு கல்லின் சொந்தத் தாதுவிலிருந்து வந்ததாக இருக்கலாம்; அதில் கைவைக்க வேண்டாம். வெட்டுக்கல்லின் சிவப்பும் அப்படித்தான், அது கறையே அல்ல.

ஊற்றை நிறுத்தாமல் கறை எடுப்பது வீண். பாதுகாக்கப்பட்ட சின்னமென்றால் முதலில் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். பழைய இரும்புக்குப் பதிலாக மாட்டுவதற்கு 316 ரக எவர்சில்வர் கம்பியே கடலோரத்துக்கு ஏற்றது.

வேலைக்கு மாசி, பங்குனி நல்ல காலம். எண்ணெய்ப் பிசுக்கை முன்னதாக நீக்குங்கள். இருந்தால் மருந்து உள்ளே போகாது. துருவின் இரும்பைப் பிடித்துக் கரைக்கும் உப்பான டிரைசோடியம் சிட்ரேட் 100 கிராமை 600 மில்லி வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கரைத்து, கயோலின் என்ற வெள்ளைக் களிமண் சேர்த்து, சுவரில் அப்பினால் வழியாத பதத்துக்குக் குழையுங்கள். மறைவான உள்ளங்கை அளவு இடத்தில் சோதித்த பிறகே மற்ற இடம். கல்லையும் சுற்றுப்புறத்தையும் நனைத்துவிட்டு 1 செ.மீ. கனத்தில் அப்புங்கள், கறையைத் தாண்டி நாலு விரல் வரட்டும். பாலித்தீன் ஷீட்டால் 24 மணி நேரம் மூடுங்கள். பிறகு ஷீட்டை எடுத்துத் தானாகக் காயவிடுங்கள். காயும்போதுதான் கரைந்த இரும்பு களிமண்ணுக்குள் ஏறும். அவசரப்பட்டு ஈரத்தோடு வழித்தால் பாதி கல்லிலேயே தங்கும். மரக்கரண்டியால் எடுத்து, நைலான் பிரஷ்ஷால் கழுவுங்கள். மூன்று நான்கு முறை தேவைப்படலாம். பழைய கறை வெளிறுமே தவிர முழுதும் போகாது. வெளிறியதோடு நிறுத்துவது கல்லுக்கு நல்லது.

ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேண்டவே வேண்டாம். துருவைக் கரைத்து இன்னும் ஆழத்துக்குத் தள்ளும், கல்லிலுள்ள கறுப்பு மைக்கா என்ற இரும்புள்ள தாதுவிலிருந்து புது இரும்பையும் அவிழ்க்கும். பிளீச்சிங் பவுடர் துருவைக் கரைக்காது, குளோரைடைத்தான் சேர்க்கும். இரும்புக்கம்பி பிரஷ் தன் இழைகளைக் கல்லில் விட்டுவிட்டுப் போகும்.

அடுத்த மழைக்குப் பின் அதே புள்ளியில் பழுப்பு எட்டிப்பார்த்தால் உள்ளே கொண்டி இருக்கக்கூடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும்; கல்லே பிளக்கும். அங்கே உளி போடாதீர்கள். விரிசலின் இரு முனையையும் பென்சிலால் குறித்து, தேதியிட்டுப் படமெடுத்து, கல் பாதுகாப்பு நிபுணரை அழையுங்கள்.