ஆன்லைனில் பிசினஸ் ரைட்டிங் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிசினஸ் ரைட்டிங் (அலுவலகக் கடிதம், மெயில், ரிப்போர்ட் எழுதும் முறை) கோர்ஸில் பெயர் கொடுத்ததும் பழைய கிராமர் புத்தகத்தைத் தேடி எடுப்பதுதான் கடலூர், புதுச்சேரிப் பக்கம் பலர் செய்யும் முதல் வேலை. டென்ஸ், ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் என்று இரண்டு வாரம் போய்விடும். பிறகு முதல் அசைன்மென்ட் வரும்: 'வாடிக்கையாளரின் புகாருக்கு 150 வார்த்தைக்குள் பதில் எழுதுக.' கிராமர் பிழை ஒன்றுகூட இல்லாமல் எழுதியும் மதிப்பெண் குறைந்தால் குழப்பமாகத்தான் இருக்கும். இந்தப் பாடத்தில் முதலில் பார்ப்பது மூன்று விஷயங்களை. கடிதம் யாருக்குப் போகிறது? படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? அதைச் செய்யத் தேவையான விவரம் எல்லாம் அதில் இருக்கிறதா? கிராமர் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது. இது புரியாமல் தயாரானால் மற்றத் தவறுகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

காரணத்தை முன்னால் வைப்பது

பண்ருட்டியிலிருந்து முந்திரிப் பருப்பு அனுப்பும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். டபிள்யூ 320 ரகம், 40 அட்டைப்பெட்டி. பெட்டிக்கு 11.34 கிலோ டின் இரண்டு, ஆக 22.68 கிலோ. மழையால் லோடு தாமதமாகிறது. வாங்குபவருக்கு மெயில் எழுதச் சொன்னால் புதிதாகப் படிக்க வருபவர்கள் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

'மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். எங்கள் பகுதியில் சென்ற வாரம் முதல் தொடர்ந்து மழை பெய்து வருவதாலும், ஆட்கள் வேலைக்கு வர இயலாததாலும், பருப்பைக் காய வைப்பதில் சிரமம் ஏற்பட்டுள்ளதாலும், தங்கள் ஆர்டரை அனுப்புவதில் சற்றுத் தாமதம் ஏற்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். பொறுத்தருளவும்.'

மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் வாங்குபவருக்கு வேண்டிய எதுவும் இதில் இல்லை. எத்தனை நாள் தாமதம், மொத்த லோடுமா, ஒரு பகுதி மட்டுமா, அவர் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டு அவர் போன் போட்டுத்தான் ஆக வேண்டும். அதே செய்தியை இப்படி எழுதலாம்:

'உங்கள் 40 பெட்டி டபிள்யூ 320 நவம்பர் 12-க்குப் பதிலாக நவம்பர் 19 அன்று கிளம்பும். 25 பெட்டி (567 கிலோ) தயாராக இருக்கிறது. அதை 12-ம் தேதியே தனியாக அனுப்ப வேண்டுமானால் நவம்பர் 8 மாலை 5 மணிக்குள் இந்த மெயிலுக்குப் பதில் அனுப்புங்கள். தனி லோடுக்கான வண்டிச் செலவு எங்களுடையது. தொடர் மழையால் மீதி 15 பெட்டிப் பருப்பு இன்னும் சரியாகக் காயவில்லை. ஈரத்தோடு அனுப்பினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் நிறுத்தி வைத்திருக்கிறோம்.'

தேதி முதல் வரியிலேயே வந்துவிட்டது. அவர் எடுக்க வேண்டிய முடிவும் அதற்கான கெடுவும் அடுத்து வருகின்றன. காரணம் கடைசியில் இருந்தாலும் முதல் மெயிலில் இருந்ததைவிட இங்கே அதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் சரக்கின் தரத்தோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறது. சப்ஜெக்ட் வரியிலும் இதே கணக்குதான். 'ஆர்டர் குறித்து' என்று போடாமல் '40 பெட்டி லோடு: நவம்பர் 19-க்கு மாற்றம்' என்று போட்டால் மெயிலைத் திறக்காமலே பாதி விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

பள்ளிக்கூடத்து லீவு லெட்டரிலிருந்தே காரணத்தை முன்னால் வைத்துப் பழகியிருக்கிறோம். ஒரு வாரத்தில் அது மாறாது. கோர்ஸ் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே, நீங்கள் அனுப்பிய பழைய மெயில்களில் பத்தை எடுத்து, ஒவ்வொன்றின் முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் திருத்தி எழுதிப் பாருங்கள். கிராமர் புத்தகத்துக்குக் கொடுக்கும் நேரத்தைவிட இதற்கு அதிகப் பலன் கிடைக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. வேலை விண்ணப்பத்தை நிராகரிப்பது, கடன் தர மறுப்பது போன்ற கடிதங்களில் மறுப்புக்கு முன் சுருக்கமான காரணம் வைக்கும் முறையையும் பல பாடங்கள் சொல்லித்தருகின்றன. உங்கள் பாடம் எதை எப்போது கேட்கிறது என்று அதன் மதிப்பெண் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம், அரசு அலுவலகக் கடிதங்களிலிருந்து ஒட்டிக்கொண்ட தொடர்கள். 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' (ஆவன செய்யவும்) என்று முடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவே இல்லை என்றுதான் ஆகிறது. வெளிநாட்டு ஆசிரியர் நடத்தும் கோர்ஸ் என்றால் அவருக்கு அது புரியாமலும் போகலாம். தேதியும் அப்படித்தான். 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள்.

நாம் எழுதியதை யாரும் படிக்காத கோர்ஸைத் தேர்ந்தெடுப்பது

கோர்ஸ் பக்கத்தில் பாடத் தலைப்புகளை மட்டும் பார்த்துச் சேர்வது பெரிய தவறு. நீங்கள் எழுதுவதை யாராவது படித்துத் திருத்துகிறார்களா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான சுயத்தில் வரும், ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களில் வார அசைன்மென்ட் பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. பாடம் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு ரிப்போர்ட்கூட எழுதாமல் 12 வாரத்தையும் முடித்துவிட முடியும். அதில் சேர்ந்தால் வாரம் ஒரு கடிதமோ மெமோவோ நீங்களாக எழுதி, கல்லூரியில் ஒரு ஆசிரியரிடமோ அலுவலக அனுபவம் உள்ள உறவினரிடமோ காட்ட இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சில தளங்களில் சக மாணவர்களே ஒருவரையொருவர் மதிப்பிடுவார்கள். அங்கே மற்றவர்களின் தாள்களை நீங்கள் மதிப்பிட்டு முடிக்கும் வரை உங்கள் மதிப்பெண் வராது. கடைசி நாளில் அனுப்புபவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

என்பிடெல் கணக்கையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. 12 வாரப் பாடம் என்றால் சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரிக்கு 25, மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் வாங்க 25-க்கு 10-ம், 75-க்கு 30-ம் தனித்தனியாக எடுக்க வேண்டும். பாடத்தில் சேர்வது இலவசம். தேர்வுக்குத் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். பாடத்தில் சேர்ந்தாலே தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

டிகிரியில் கிரெடிட்டாகச் சேர்க்க வேண்டுமானால் கல்லூரியின் ஒப்புதலைச் சேரும் முன் வாங்குங்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2021 விதிமுறை ஒரு செமஸ்டரில் 40 சதவீதப் பாடங்கள் வரை சுயம் வழியாகப் படிக்க இடம் தருகிறது. ஆனால் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பதை முடிவு செய்வது உங்கள் பல்கலைக்கழகம். விண்ணப்பத்தில் உங்கள் பெயரின் இனிஷியலையும் ஒரு முறை பாருங்கள். ஆதாரில் பின்னால், கல்லூரிப் பதிவேட்டில் முன்னால், விண்ணப்பத்தில் இல்லவே இல்லை என்று இருந்தால் பிறகு திருத்த அலைய வேண்டியிருக்கும்.

போனிலேயே சமாளித்துவிடலாம் என்பது

வீடியோ பார்க்கப் போன் போதும், ரிப்போர்ட் எழுதப் போதாது. தலைப்புகள், அட்டவணை, ஓரத்தில் ஆசிரியர் போட்ட குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்காமல் திருத்த முடியாது. சொந்தமாக லேப்டாப் இல்லையென்றால், கல்லூரி லேபிலோ தெரிந்தவர் வீட்டிலோ வாரம் இரண்டு முறை, இரண்டிரண்டு மணி நேரம் உறுதியாகக் கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள்.

டைப்பிங் வேகத்தைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. 600 வார்த்தை ரிப்போர்ட்டை நிமிடத்துக்கு 12 வார்த்தை வேகத்தில் அடித்தால் 50 நிமிடம். டைப்ரைட்டிங் லோயர் வேகமான 30-ல் அடித்தால் 20 நிமிடம். மிச்சமாகும் அரை மணி நேரம் திருத்தி எழுதுவதற்குக் கிடைக்கிறது, மதிப்பெண் ஏறுவதும் அந்த நேரத்தில்தான். ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தால் கோர்ஸுக்கு முந்தைய இரண்டு மாதம் போய்வருவது நல்ல முதலீடு.

வேர்டில் மூன்று விஷயம் தெரிந்தால் தொடங்கப் போதும். தலைப்புகளை வெறுமனே போல்டு செய்யாமல் ஹெடிங் ஸ்டைலில் வைப்பது, டிராக் சேஞ்சஸை (ஆசிரியர் செய்த திருத்தங்களைக் காட்டும் வசதி) படித்து ஏற்பது, ஸ்பெல்லிங் மொழியைப் பாடம் கேட்கும் அமெரிக்க அல்லது பிரிட்டிஷ் இங்கிலீஷுக்கு மாற்றுவது. தாள் அளவையும் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் வழக்கமாகக் கேட்பது ஏ4 இல்லை, எட்டரைக்குப் பதினோரு அங்குல லெட்டர் தாள்.

கெடுவையும் மழையையும் மறப்பது

அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி கெடு இரவு 11:59 என்றால் அவர்களின் கோடையில் நமக்கு மறுநாள் காலை 9:29. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அது 10:29 ஆகும். மார்ச் இரண்டாவது ஞாயிறு மறுபடி 9:29. யுடிசி (உலகப் பொது நேரம்) என்று போட்டிருந்தால் அதிகாலை 5:29. தளத்தின் செட்டிங்ஸில் இந்திய நேரத்தை வைத்துவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

ஜூலையில் தொடங்கும் 12 வாரப் பாடத்தின் கடைசி வாரங்களும் தேர்வும் அக்டோபர், நவம்பரில் வரும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கரண்ட், நெட் எல்லாம் என்ன ஆயின என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி வைத்தால் சில மணி நேரம் தாங்கும். நீண்ட கரண்ட் கட்டில் டவர் பேட்டரியும் தீர்ந்துவிடும் என்பதால் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருக்க முடியாது. அக்டோபர் முதல் வாரத்திலிருந்து கெடுவுக்கு மூன்று நாள் முன்னதாக அனுப்புவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கோப்பை ஆன்லைனிலும் பென் டிரைவிலும் வைத்திருங்கள். தேர்வு மையம் தேர்ந்தெடுக்கும்போது மழை நாளிலும் பஸ் ஓடும் வழியில் இருப்பதைப் பாருங்கள்.

மாதிரிக் கடிதங்களைச் சேர்த்து வைப்பது

இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களை இறக்கி வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினால், ஒப்புமை பார்க்கும் மென்பொருள் அதைக் காட்டிவிடும். அந்த மென்பொருள் தரும் சதவீதமே குற்றத்தீர்ப்பு ஆகிவிடாது. மேற்கோள் போட்ட வரிகளும், எல்லாரும் எழுதும் முகவரி வரிகளும்கூட அதில் சேரும். ஆனால் கடிதத்தின் உள்ளடக்கம் முழுக்க அப்படியே பொருந்தினால் விளக்கம் சொல்ல வழி இருக்காது. ஏஐ கருவிகளுக்கு ஒவ்வொரு கோர்ஸிலும் ஒவ்வொரு விதி. பாடத்திட்டத்தில் அந்தப் பகுதியை முதல் நாளே படியுங்கள். அதில் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்றால் ஆசிரியருக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். அனுமதி இருந்தாலும் முதல் வரைவை நீங்களே எழுதுங்கள். முந்திரி லோடில் 15 பெட்டி ஏன் நின்றது, தனி லோடுக்கு யார் செலவு செய்வது என்பதெல்லாம் கருவிக்குத் தெரியாது. அது பொதுவாக எழுதித் தரும் மன்னிப்புக் கடிதத்துக்கும் மேலே பார்த்த முதல் மெயிலுக்கும் அதிக வித்தியாசம் இருக்காது.

திருத்தி வந்த தாளில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவிடாமல், ஆசிரியர் குறித்த ஒவ்வொன்றையும் தனிக் கோப்பில் ஒரு வரியாக எழுதி வையுங்கள். 'கெடு சொல்லவில்லை', 'ஒரே பத்தியில் மூன்று விஷயம்', 'இணைப்பு என்று எழுதி இணைக்கவில்லை' என்ற மாதிரி. அடுத்ததை அனுப்பும் முன் அந்தக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரியையும் வரைவோடு ஒப்பிடப் பத்து நிமிடம் போதும்.