நீலத் தண்ணீரில் மிதந்த சொட்டு: ரத்த தானத்துக்கு முன் இரும்புச்சத்து ஏற்றுவது எப்படி?

போன வருடம் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்காய் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் ரத்த தான முகாம். மிஸ்ஸி (நர்ஸ்) விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை நீலத் தண்ணீரில் விட்டார். அது மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல். ரத்தத்தில் ஹீமோகுளோபின், அதாவது உடம்பு இரும்பைக் கொண்டு செய்யும் சிவப்புப் பொருள், போதுமென்றால் சொட்டு மூழ்கும். என்னுடையது மேலேயே நின்றது. "பத்தாதுக்கா, அடுத்த தடவை வாங்க."

முதலில் உங்கள் ஹீமோகுளோபின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). தானம் செய்யும் பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12.5 கிராம் வேண்டும், எனக்கு 11.8.

அடுத்தது சாப்பாடு. வாரம் இரண்டு முறை கோழி ஈரல் மிளகு வறுவல். இறைச்சியில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். மற்ற நாளில் முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, பருப்பு. இவற்றோடு புளிப்பு அவசியம், வைட்டமின் சி இல்லாமல் கீரையின் இரும்பு அவ்வளவாக உள்ளே போகாது. எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். சாப்பிட்டதும் பீடோர் கொய்யா இரண்டு துண்டு. மேலே தூவ அசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய புளிப்பு பிளம்) தூள் உங்கள் விருப்பம்.

நான் சறுக்கியது இனிமேல்தான். இரண்டு மாதம் இப்படிச் சாப்பிட்டும் 11.9! காரணம், தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த தேத்தண்ணி. பால்மரம் (ரப்பர்) வெட்டிவிட்டுப் பத்து மணிக்கு வரும் அப்பா சோற்றோடு மங்கு நிறையக் குடிப்பார். அந்தப் பழக்கம் எனக்கும். தேயிலையில் இருக்கும் துவர்ப்பு இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடுகிறது. கொப்பியும் அப்படித்தான். பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் தடுக்கும் என்பதால் தே தாரிக் (பால் சேர்த்து ஆற்றிய தேத்தண்ணி) இரட்டை அடி. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். நான் மூன்றரை மணிக்கு மாற்றினேன். முதல் வாரம் தலைவலி, அப்புறம் பழகிவிட்டது. மேலும் இரண்டு மாதத்தில் 12.9.

சட்டி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஒட்டாத சட்டியைத் தள்ளிவிட்டு இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வையுங்கள், கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்கும். இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றாவிட்டால் கறுத்துப்போகும்.

பின்சேர்க்கை: கெராங் (சிப்பி வகை) சாப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக, ஆனால் அரைவேக்காடு வேண்டாம். மூன்று மாதமாகியும் ஏறவில்லை என்பவர்கள் டாக்டரைப் பாருங்கள். பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவின் மரபணு இருந்தாலும் அளவு குறையும். அதை ஈரலால் சரிசெய்ய முடியாது, தானாக இரும்பு மாத்திரை போடுவதும் தவறு.