கண்டிஷனர் வாங்குவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்

வேலூர் கொசப்பேட்டையில் ஆம்பிளிஃபயர், ஹோம் தியேட்டர் சர்வீஸ் செய்கிறேன். கரண்டில் கலந்து வரும் இரைச்சலை வடிகட்டும் பெட்டிதான் பவர் கண்டிஷனர். "அதை வாங்கலாமாண்ணா?" என்று வருகிறவர்களிடம், "உங்க வீட்டு எர்த் குழி எங்கே இருக்கு?" என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

நம் பக்கத்து மண் பாறை கலந்தது. சித்திரை, வைகாசி வெயிலில் அது காய்ந்துவிட்டால் எர்த் பைப்புக்கும் மண்ணுக்கும் சரியான பிடிப்பு இருக்காது. கரியும் உப்பும் போட்டு இறக்கிய பழைய குழி என்றால், கோடையில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கண்டிஷனரோ, வோல்டேஜ் திடீரென்று எகிறினால் தடுக்கும் ஸ்பைக் பஸ்டரோ, எர்த் சரியில்லாத வீட்டில் பாதி வேலைதான் செய்யும்.

அடுத்து மல்டிமீட்டர். ஏசி 750 வோல்ட் ரேஞ்சில் வைத்து பிளக் பாயிண்டில் பாருங்கள். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் வயர்மேனைக் கூப்பிடுங்கள், இதில் வீரம் வேண்டாம். பேஸுக்கும் (கரண்ட் வரும் முனை) நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் முனை) இடையே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 207 முதல் 253 வரை ஏற்றுக்கொள்ளலாம். பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வரும். 90, 120 என்று ஏதாவது காட்டினால் எர்த் வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2, 3 வோல்ட் இருப்பது சகஜம். ஆனால் அதே லைனில் அயர்ன் பாக்ஸ் ஓடும்போதும் சுத்தமாகப் பூஜ்யமே காட்டினால் சந்தேகப்படுங்கள். போர்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் முறுக்கிவிட்டிருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் நியூட்ரல் கட்டானால் ஆம்பிளிஃபயர் பாடியிலேயே கரண்ட் நிற்கும்.

எர்த் சரியா? அப்புறம் ஆம்பிளிஃபயர், சப்வூஃபர், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே பாயிண்டிலிருந்து ஒரு நல்ல ஜங்ஷன் பாக்ஸில் எடுங்கள். லோடு தாங்காதே என்று பயப்படுவார்கள். 6 ஆம்பியர் பாயிண்ட் 1,380 வாட் தாங்கும்; சாதாரண ஹால் செட் மொத்தமும் அதில் பாதியைத் தொடுவதே அபூர்வம். ஆளுக்கொரு சுவரில் சொருகினால்தான் தொல்லை. எர்த்துக்கும் எர்த்துக்கும் நடுவே இருக்கும் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் ஆடியோ வயர் வழியாக ஓடி, ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று உறுமும்.

அந்த உறுமலைப் பிடிப்பது எளிது. செட்டை ஆஃப் செய்து, இன்புட் வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு ஆம்பிளிஃபயருக்குள், பெரும்பாலும் ஃபில்டர் கண்டென்சரில். கண்டிஷனர் அதைத் தீர்க்காது. நின்றுவிட்டால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். என் அனுபவத்தில் அடிக்கடி பிடிபடுவது வெளியிலிருந்து வரும் கேபிள் டிவி வயர். டிவியில் ஆப்டிகல் அவுட் (ஒலியைக் கரண்டாக இல்லாமல் வெளிச்சமாக அனுப்பும் முனை) இருந்தால் ஆம்பிளிஃபயருக்கு அதையே கொடுங்கள், அந்த உறுமல் அதோடு போய்விடும். எர்த் பின்னை உடைத்தாலும் போகும்தான், ஆனால் அது ஆபத்து. அப்படி உடைத்த பிளக்கோடு செட் என் கடைக்கு வந்தால் புது பிளக் போடாமல் திருப்பித் தர மாட்டேன், திட்டினாலும் பரவாயில்லை.

கண்டிஷனர் யாருக்குத்தான் வேண்டும்? பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருந்து, ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்டால் வாங்கலாம். ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பும்போது மட்டும் கேட்டால் ரெகுலேட்டரை மாற்றுங்கள், செலவு குறைவு. மற்றவர்களுக்கு ஒரு ஸ்பைக் பஸ்டர் போதும். அதற்குள் இருக்கும் எம்ஓவி (எகிறும் வோல்டேஜை வாங்கிக்கொள்ளும் சின்ன பாகம்) ஒவ்வொரு அதிர்ச்சியிலும் கொஞ்சம் தேயும். பாதுகாப்பு விளக்கு அணைந்தால் தூக்கிப் போடுங்கள். இடி இடிக்கும் மாலையில் எதையும் நம்பாமல் பிளக்கையும் கேபிள் வயரையும் உருவிவிடுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் ஆம்பிளிஃபயர் டிரான்ஸ்ஃபார்மர் முனகினால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக (கரண்டை வீட்டு லைன் போல வழவழப்பான அலையாக இல்லாமல் கட்டம் கட்டமாகத் தருவது) இருக்கும். வழவழப்பான அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கும்வரை அதில் பாட்டு போடாதீர்கள்.

கடைசியாக, அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த செட்டை நேராகச் சொருகாதீர்கள். பின்பக்கம் 120 வோல்ட் என்று போட்டிருந்தால் வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். செட்டின் வாட்டைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். ஜப்பான் செட் 100 வோல்ட். அதற்கு 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், 100 வோல்ட் அவுட்புட் உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.