ரோமில் செலவில்லாமல் மைக்கலாஞ்சலோ

ரோமில் அருங்காட்சியகக் கட்டணம் கட்டுப்படியாகாது என்று தயங்குகிறவர்கள் முதலில் தேவாலயங்களுக்குப் போங்கள். சான் லூயிஜி தெய் பிரான்சேசியில் ஓவியர் கரவாஜ்ஜோ புனித மத்தேயுவைப் பற்றித் தீட்டிய மூன்று ஓவியங்கள், அவர் எந்தச் சிற்றாலயத்துக்காக வரைந்தாரோ அங்கேயே இருக்கின்றன. சான் பியெத்ரோ இன் வின்கோலியில் மைக்கலாஞ்சலோவின் மோசே சிலை. எவ்வளவு நேரம் நின்று பார்த்தாலும் கட்டணம் இல்லை! சில ஆலயங்களில் காசு போட்டால்தான் விளக்கு எரியும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மதியம் பல ஆலயங்களைப் பூட்டிவிடுவார்கள், அதனால் காலையிலேயே கிளம்புவது நல்லது. தோளும் முழங்காலும் மறைகிற உடை வேண்டும்.

தண்ணீருக்குத் தெருவோர நசோனி குழாய்கள் போதும், குடிக்கத் தகுந்த நல்ல தண்ணீர். அப்புறம், காபியைக் கவுன்ட்டரில் நின்றபடியே குடியுங்கள். உட்கார்ந்தால் பெரும்பாலும் விலை கூடும். மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம்தான், ஆனால் கூட்டம் தாங்காது.